எனக்கு வயிற்றுவலி இல்லை

போன மாதம் எங்கள் பத்திரிகையின் திருநெல்வேலி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்த நிருபர். பழைய பேப்பர்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். எழுபதுகளின் கட்டு அவள் தலையில் விழுந்திருக்கிறது.

“அண்ணாச்சி, சங்கரன்கோவில் செய்தியெல்லாம் அப்ப நீங்கதான அனுப்புவீங்க?”

“நல்லா இருந்தா நான். தப்பிருந்தா வேற ஆளு.”

“ஒரு சந்தேகம். உங்க ஊர்ப் பொம்பளைகளுக்கு மட்டும் அப்ப ஏன் அண்ணாச்சி இத்தனை வயித்துவலி? தண்ணி சரியில்லையா?”

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. இப்போது இப்படிப்பட்ட தற்கொலைச் செய்திகளில் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று அலுவலகத்தில் சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறார்களாம். ‘தயவுசெய்து காரணம் ஊகித்து எழுதாதீர்கள்’ என்பது முதல் வரியாம். “உங்க காலத்துல யாருமே கேக்கலையா அண்ணாச்சி?” என்றாள். கேட்டேன். நான் கேட்டேன், இன்னொருத்தி கேட்டாள். போனில் சொல்லிமுடியாது. அதனால் எழுதுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவன். விட்டேன் என்று நான் சொல்லுவேன், விரட்டினோம் என்று வாத்தியார் சொல்லுவார். பஸ் ஸ்டாண்டு பக்கம் பேப்பர் ஏஜென்ட் கடையில் கட்டு இறக்கும் வேலை. வாய் சும்மா இருக்காது. கடை முன்னால் நின்று தலைப்பை நானே கொஞ்சம் நீட்டி முழக்கிக் கூவுவேன். கல்யாணமாகாத பெரியவர்களைப் பார்த்து, “அண்ணாச்சி, இன்னிக்கி மணமகள் தேவை விளம்பரம் வந்திருக்கு, ஒண்ணு எடுத்துக்கிடுங்க” என்பேன். அடி வாங்கியதும் உண்டு. ஊரில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்த அளவு தபால்காரருக்குக்கூடத் தெரியாது. ஏஜென்ட்தான் பகுதிநேர நிருபராகவும் இருந்தார். அவருக்குக் கண் மங்கியதும் அந்த வேலை என்னிடம் வந்துவிட்டது. எழுத்துப்பிழையை அங்கே திருத்திக்கொள்ளட்டும், செய்தி இருந்தால் போதும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

காலையில் முதலில் ஸ்டேஷன். அங்கே வழக்குகளை எழுதும் ஏட்டுக்கு ரைட்டர் என்று பெயர். அவர் வாசிப்பார், நான் குறித்துக்கொள்வேன். அடுத்து அரசு ஆஸ்பத்திரி. அப்புறம் கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுவது. தாளின் ஒரு பக்கம்தான் எழுதவேண்டும். பின்பக்கம் எழுதினால் அச்சுக் கோக்கிறவர் திருப்பிப் பார்க்கமாட்டார், செத்தவன் பெயர் முன்பக்கத்திலும் கொன்றவன் பெயர் பின்பக்கத்திலும் இருந்தால் கொன்றவன் தப்பித்துவிடுவான். கவரில் போட்டு ‘பத்திரிகைச் செய்தி, அவசரம்’ என்று எழுதித் திருநெல்வேலி பஸ் கண்டக்டரிடம் கொடுப்பேன். ஜங்ஷனில் அலுவலக ஆள் நின்று வாங்கிக்கொள்வார்.

பெண்கள் சாவு என்றால் வேலை சுலபம். மூன்றே காரணம். விஷம், கயிறு என்றால் தீராத வயிற்றுவலி. தீ என்றால் ஸ்டவ் வெடித்தது. கிணறு என்றால் கால் தவறியது. வீட்டு ஆட்கள் ஸ்டேஷனில் வந்து அப்படித்தான் எழுதிக் கொடுப்பார்கள். ரைட்டர் அதை வாசிப்பார். நான் அதை எழுதுவேன். பெயரும் தெருவும் வயதும் மட்டும்தான் மாறும். செத்த பெண்ணின் உதட்டில் தையல் போட்ட தழும்பை நான் பூ மார்க்கெட்டில் பார்த்திருப்பேன். அவள் வீட்டுச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அதெல்லாம் கவருக்குள் போகாது.

முதல் தடவை திருநெல்வேலி அலுவலகத்துக்குப் போனபோது அச்சுக்கோக்கும் இடத்தைச் சுற்றிப் பார்த்தேன். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிய காலம் அது. அச்சடித்து முடித்ததும் எழுத்துகளைப் பிரித்து அந்தந்தக் குழியில் போட்டுவிடுவார்கள். ஓரமாக ஒரு தட்டில் சில வரிகள் மட்டும் பிரிக்காமல், சுற்றி நூல் கட்டி வைத்திருந்தார்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம்வலமாகத்தான் வாசிக்கவேண்டும். ‘தீராத வயிற்றுவலியால் அவதிப்பட்டு வந்தார். இதனால் வாழ்க்கையில் வெறுப்படைந்த அவர்...’

“இது என்ன அண்ணாச்சி, யாரு இது?” என்று போர்மேனிடம் கேட்டேன்.

“யாரா இருந்தா என்னவே? வாரத்துக்கு ரெண்டு மூணு வருது. ஒவ்வொரு தடவையும் யாரு புதுசா கோக்கது? கட்டி வச்சிருக்கேன். பேர மட்டும் மேல சேத்துக்கிட வேண்டியதுதான்.”

அந்த வேகத்தில் போய்ச் செய்தி ஆசிரியரிடம் கேட்டேன். நெல்லையப்பன் சார் என்று பெயர். அவர் சத்தம்போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. நாம் பேசும்போது நம்மைப் பார்க்கமாட்டார். சவர பிளேடால் சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பார். சீவி முடித்துத் தூளை உஃப் என்று ஊதினால் நம் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

“சார், எங்க ஊர்ல ஆம்பளைகளும் அதே தண்ணியத்தான் குடிக்கோம். பொம்பளைகளுக்கு மட்டும் ஏன் சார் வயித்துவலி?”

சீவினார். “யாரு, என்ன, எங்க, எப்ப, எப்படி. இது அஞ்சும் உன் வேலை. ஏன்ங்கறது மட்டும் ஸ்டேஷன் சொல்லணும். நீ சொன்னா, கோர்ட்டுல வந்து அதை நீதான் நிரூபிக்கணும். உன்னால முடியுமா?”

“முடியாது சார்.”

“அப்ப வயித்துவலிதான்.” ஊதிவிட்டார்.

கோமதி என்னைத் தேடிவந்தது அதற்கு அடுத்த வருடம்.

எங்கள் ஊரில் அம்மன் பெயர் கோமதி. தெருவில் நின்று கோமதி என்று கூப்பிட்டால் பாதிப் பெண்கள் திரும்புவார்கள். இந்தக் கோமதி தறிக்காரத் தெரு சண்முகவேல் முதலாளியின் மனைவி. வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் பவர்லூம் ஓடும். கோவிலுக்கு விளக்கு, பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு என்று கொடுக்கிற மனிதர். எங்கள் பேப்பரில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வாழ்த்து விளம்பரமும் கொடுப்பார். கோமதி என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவள். இடுப்பில் பெண்குழந்தை. பூ வாங்க வந்தவள்போலக் கடைக்கு வந்து, ஏஜென்ட் உள்ளே போகும்வரை நின்றாள்.

“நீதான பேப்பர்ல எழுதுத தம்பி?”

“ஆமாக்கா. நல்ல சேதி இருந்தா சொல்லுங்க, உங்க போட்டோ போட்டு எழுதிருவோம்.”

“பனவடலிசத்திரத்துல போன கார்த்திகையில செத்துப்போனாள்லா, மாரியம்மா. நீதான எழுதுன?”

எனக்கு ஞாபகமில்லை. எத்தனையோ எழுதியிருக்கிறேன்.

“என் கூடப்பொறந்த அக்கா. தீராத வயித்துவலின்னு போட்டிருந்துது.” குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றினாள். “அவ கல்லத் தின்னாலும் செரிக்கும் தம்பி. ஒரு நாள் வயித்துவலின்னு படுத்ததில்ல. அவ மாப்பிள்ள வீட்டுல அடிச்சே கொன்னுபோட்டு அப்படிச் சொன்னாவ. எங்க அண்ணன் ஸ்டேஷனுக்குப் போனான். ‘பேப்பர்லயே வந்துட்டு, இனி என்ன’ன்னு அவனத் திருப்பி அனுப்பிட்டாவ.”

பெஞ்சில் கிடந்த பேப்பர்க் கட்டை ஒதுக்கி இடம் விட்டேன்.

முந்தானையைக் கொஞ்சம் விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். பிறகு மூடிக்கொண்டாள். “எனக்கும் அதான் நடக்கப்போவுது. நேத்து என் மாமியாகாரி அடுத்த வீட்டுல சொல்லிக்கிட்டிருக்கா, ‘எங்க மருமவளுக்கு அடிக்கடி வயித்தப் பெரட்டுது’ன்னு. இப்பவே சொல்லி வைக்காவ, தெரியுதா? இவ ஆளாகுத வரைக்கும் நான் இருக்கணும் தம்பி. இவள விட்டுட்டுப் போனா இவளையும் அந்தக் கொட்டாயிலதான் போடுவாவ. நீ ஒண்ணு எழுது.”

“என்னத்த எழுத?”

“எனக்கு வயித்துவலி இல்லன்னு எழுது.”

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அப்புறம் யோசித்தால் அதில் சிரிக்க ஒன்றுமில்லை. உயிரோடு இருக்கிறவள் அடிபட்டால் அது செய்தி இல்லை, குடும்ப விஷயம். நெல்லையப்பன் சார் மேஜைக்குப் போனால் ஒரு ஊதல். செத்தால்தான் செய்தி. செத்தால் வயிற்றுவலி. இந்த இரண்டுக்கும் நடுவில் அவள் எங்கே நிற்பது?

அப்போதுதான் மூளையில் தட்டியது. விளம்பரம்! ‘என் மகன் வாங்கும் கடனுக்கு நான் பொறுப்பல்ல’, ‘என் பெயரை இன்னபடி மாற்றிக்கொண்டேன்’ என்றெல்லாம் அறிவிப்பு வருமே. அது விளம்பரப் பகுதிக்கு நேராகப் போகும். கையெழுத்தும் காசும் இருந்தால் போதும். சிவப்புப் பென்சில் அந்தப் பக்கமே போகாது.

“காசு வச்சிருக்கேன்” என்றாள். நான் எழுதினேன், அவள் கையெழுத்துப் போட்டாள். ஐந்தாவது வரை படித்தவள், எழுத்து என் எழுத்தைவிட நன்றாக இருந்தது. எழுதும்போது எனக்குள்ளே இருக்கிற குறும்பன் சும்மா இருக்கவில்லை. வயிற்றுவலியை மட்டும் அடைத்தால் மற்ற இரண்டு வழியும் திறந்துதானே கிடக்கிறது? இப்படி வந்தது:

‘அறிவிப்பு. சங்கரன்கோவில் தறிக்காரத் தெரு சண்முகவேல் மனைவி கோமதி ஆகிய எனக்கு வயிற்றுவலியோ வேறு தீராத நோயோ கிடையாது. எங்கள் வீட்டில் ஸ்டவ் கிடையாது, விறகடுப்புதான் உள்ளது. எனக்கு நன்றாக நீச்சல் தெரியும். வாழ்க்கையில் எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. இதைப் பொதுமக்களும் அதிகாரிகளும் அறியவும்.’

நிலம் விற்பனைக்கும் தொலைந்துபோன ரேஷன் கார்டுக்கும் நடுவில் வந்தது.

அன்றைக்குக் காலையில் டீக்கடையில் ஒருவர் சத்தமாக வாசித்தார். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். “நீச்சல் தெரியுமாம்லா!” என்று தொடையைத் தட்டினார் ஒருவர். இரண்டாம் தடவை வாசித்தபோது சிரிப்பு குறைந்தது. மூன்றாம் தடவை யாரும் வாசிக்கச் சொல்லவில்லை. டீ மாஸ்டர் மட்டும், “ஏன் இப்படிப் போட்டிருக்கா?” என்று கேட்டார். பதில் எல்லாருக்கும் தெரியும்.

வெயில் ஏறும் முன்னே சண்முகவேல் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் சுருட்டிய பேப்பர்.

“எந்த நாயிலே இதப் போட்டது?”

“விளம்பரம் அண்ணாச்சி. காசு குடுத்தா யாருக்கும் போடுவோம். நீங்களும் ஒண்ணு குடுங்க. உங்களுக்கும் வயித்துவலி இல்லன்னு போட்டுருவோம்.”

சட்டையைப் பிடித்துவிட்டார். பொத்தான் இரண்டு தெறித்தது. ஏஜென்ட் ஓடிவந்து விலக்கினார். சுற்றிலும் கூட்டம். அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் அவர் கை தளர்ந்தது. ஊரே தன்னைப் பார்க்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் அவரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் பேப்பரை மேஜையில் விரித்துவைத்து, “இந்தம்மாவுக்கு ஏதாவது ஒண்ணுன்னா நேரா உன் வீட்டுக்குத்தான் வருவேன்” என்று சொன்னதாக ரைட்டர் எனக்குச் சொன்னார். கூடவே, “உன்னால எனக்கு வேலை கூடிப்போச்சு பாரு. இனி ஒவ்வொருத்தியும் நீச்சல் தெரியும்னு வருவா” என்றும் சொன்னார்.

திருநெல்வேலியிலிருந்தும் தகவல் வந்தது. உடனே புறப்பட்டு வரவும்.

நெல்லையப்பன் சார் மேஜையில் அந்தப் பக்கம் விரிந்து கிடந்தது. அவர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் சீவினார். மேஜையில் சிவப்புத் தூள் குவிந்தது. எனக்கு வேலை போய்விட்டது, மறுபடி கட்டு இறக்கவேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

“விளம்பரம்னா நான் பார்க்கமாட்டேன்னு நெனைச்சிருக்க.”

“ஆமா சார்.”

“அடிக்கிறானா?”

“அடிக்கான் சார். தெருவுக்கே தெரியும்.”

“நீச்சல் தெரியும்னு போட்டிருக்கே. தெரியுமா அந்தப் பொண்ணுக்கு?”

மாட்டிக்கொண்டேன். “தெரியாது சார். நானாச் சேத்தது.”

முதல் தடவையாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். “நம்ம பத்திரிகையில பொய் வரக்கூடாது. கத்துக்கச் சொல்லு.” ஊதினார்.

அவ்வளவுதான். அந்த வாரம் நான் அனுப்பிய ஒரு சாவுச் செய்தியில் வயிற்றுவலி என்ற வரி வரவில்லை. பெயர், ஊர், ‘போலீசார் விசாரிக்கிறார்கள்’ என்பதோடு முடிந்திருந்தது. யார் வெட்டியது என்று நான் கேட்கவில்லை. நூல் கட்டிய அந்த வரிகள் அந்தத் தட்டிலேயேதான் இருந்தன, மற்ற ஊர்களுக்குத் தேவைப்பட்டனவே.

கோமதி உயிரோடு இருந்தாள். அதைத்தான் நான் என் சாதனை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மாமியார் தினமும் காலையில், “வயிறு நல்லா இருக்கா?” என்று கேட்பாளாம். சாப்பாட்டில் உறைப்பு கூடினால், “ஏட்டி, வயித்தக் கெடுத்துக்கிடாத, எங்கள உள்ள தள்ளிராத” என்பாளாம். பூ மார்க்கெட்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பாள்.

“அடி நின்னுட்டாக்கா?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“அடி எங்க நிக்கும்? தறியப் போட்டுவிட்டுட்டு அடிக்கான். அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. கொல்ல மாட்டான். அது போதும் தம்பி, இவ பெரிய மனுஷி ஆவணும்.”

“அண்ணன் வீட்டுக்குப் போயிருங்களேன்.”

“போனேனே. மூணாம் நாளு அண்ணனே கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டான். அவனுக்கும் ரெண்டு பொட்டப்புள்ள இருக்கு. வாழாவெட்டி வீட்டுல இருந்தா அதுகள எவன் கெட்டுவான்?”

இதையெல்லாம் நான் எழுதி அனுப்பவில்லை. எந்தப் பகுதியில் போடுவது? அதற்கு விளம்பரம்கூடக் கிடையாது.

ஒரு கோடைக்கு அம்மா வீட்டுக்குப் போய்வந்தவள் கடைக்கே வந்தாள். முகம் கறுத்துப்போயிருந்தது, கண் மட்டும் பளபளவென்று இருந்தது. “தம்பி, உங்க பெரியவர்ட்ட சொல்லிரு. கத்துக்கிட்டேன். எங்க ஊர்க் கெணத்துல மேல இருந்து குதிச்சு அந்தக் கரைக்குப் போயிட்டேன். இவளும் கத்துக்கிட்டா.” நான் சாரிடம் போய்ச் சொன்னேன். சீவிக்கொண்டிருந்த பிளேடு ஒரு நிமிடம் நின்றது.

வருடங்கள் போயின. அவள் மகள் தாவணி போட்டுவிட்டாள். எனக்குக் கல்யாணமாகி, வாய் பாதி அடங்கிவிட்டது.

சங்கரன்கோவிலில் புற்றுமண் கொடுப்பார்கள். வியாதிக்கு நல்லது என்று நெற்றியில் பூசுவார்கள், தண்ணீரில் கரைத்தும் குடிப்பார்கள். அந்த வருடம் நான் எப்போது கோவிலுக்குப் போனாலும் கோமதி அந்த இடத்தில் நின்றாள். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் முந்தானையில் முடிந்துகொள்வாள். மெலிந்திருந்தாள்.

எனக்குப் பழைய புத்தி. “என்னக்கா, ஊருக்கே வயித்துவலி இல்லன்னு வெளம்பரம் குடுத்துட்டு இங்கன வந்து மண்ணத் திங்கிய?”

சட்டென்று திரும்பிச் சுற்றிலும் பார்த்தாள். “மெதுவாப் பேசுலே.” அதுவரை அவள் என்னை லே போட்டதில்லை. அப்புறம் சிரித்து, “மவளுக்கு நல்ல எடம் அமையணும்னு வேண்டுதல்” என்றாள். நம்பிவிட்டேன்.

ஒரு காலை வழக்கம்போல ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாக் கட்டிலில் கோமதி கிடந்தாள். பக்கத்தில் மகள். கொட்டகையில் மயங்கி விழுந்தவளைத் தறி ஓட்டுகிற ஆட்கள் தூக்கிவந்திருந்தார்கள். வயிற்றில் இருந்த புண் வெடித்துவிட்டது, பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகவேண்டும், கார் வரச் சொல்லியிருக்கிறது என்றார் டாக்டர். “எத்தனை மாசமா வலின்னு கேக்கேன். வாயத் திறக்க மாட்டேங்காங்க. முன்னாலயே வந்திருந்தா மருந்துலயே போயிருக்கும்” என்று என்னிடம் கோபப்பட்டார்.

நான் கட்டில் பக்கம் குனிந்தேன்.

“ஏன்க்கா சொல்லல?”

“யார்ட்டச் சொல்ல?” குரல் காற்றாக வந்தது. “இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு மாத்திர வாங்கினாப் போதும். வயித்துவலிக்காரின்னு சீட்டு எழுதிருவாவ. அதுக்கப்புறம் என்னிக்கு வேணாலும் முடிச்சிரலாம். நீதான எழுதிக் குடுத்த, இல்லன்னு.” சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. “மவளுக்கு இன்னும் எடம் அமையல. அதுவரைக்கும் தாங்கிரலாம்னு நெனச்சேன்.”

“ஒண்ணும் ஆவாதுக்கா.”

“ஆச்சுன்னா நீ வயித்துவலின்னு போட்டுராத.”

“நெசமா வயித்துவலிதானக்கா.”

“அதான் போடாதங்கேன். எங்க அக்காளுக்குப் போட்டது மாதிரியே இருக்கும்.” மகளைக் கண்ணால் காட்டினாள். “இவ வாசிப்பால்லா.”

கார் வந்தது. அவள் பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்தாள், திரும்பவில்லை.

மூன்றாம் நாள் கடை திறக்கும் முன்னே சண்முகவேல் நின்றார். முகத்தில் மழிக்காத தாடி. ஸ்டேஷனில் ஒரு பகல் முழுக்க உட்காரவைத்து விசாரித்திருக்கிறார்கள். பழைய விளம்பரம் யாருக்கும் மறக்கவில்லை. தெருவில் ஒருவரும் இழவுக்குச் சரியாக வரவில்லை. கையில் டாக்டர் கொடுத்த தாள்.

“பாரும் வே. நல்லா வாசிச்சுப் பாரும். வயித்துல புண்ணு. டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு. நான் ஒண்ணும் செய்யல. நெசமாவே வயித்துவலி. இத அப்படியே போடும்.”

வாசித்தேன். அவர் சொன்னது உண்மை. அந்தத் தாளில் புண் இருந்தது. தறிச் சத்தம் இல்லை. புற்றுமண் இல்லை.

“எத்தன பேருக்குக் கேள்வி இல்லாமப் போட்டிருக்கிய!” தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார். “நெசமா வந்தவளுக்குப் போடுறதுக்கு என்ன வே? ஊரு என்னயக் கொலகாரங்கு!”

நான் தபால் ஆபீசுக்குப் போய் டிரங்க் கால் போட்டேன். லைன் கிடைக்க நேரமானது. நெல்லையப்பன் சாருக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்த சமயம் அது. எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் தாள், ஸ்டேஷன், சண்முகவேல், கட்டில் பக்கம் அவள் சொன்னது.

“வயித்துவலிங்கறது உண்மைதானா?”

“உண்மை சார். நான் அனுப்புனதுலயே உண்மையான வயித்துவலி இது ஒண்ணுதான்.”

அந்தப் பக்கம் பென்சில் சீவும் சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாகக் கேட்டார், “நீச்சல் கத்துக்கிட்ட பொண்ணுதான?”

“ஆமா சார்.”

“பேரு போடு. ஊரு போடு. ஏன்ங்கறது வேண்டாம்.”

அவர் ஊதும் சத்தம் டிரங்க் காலில் கேட்டது.

மறுநாள் பேப்பரில் மூன்று வரி வந்தது. நான் ‘இறந்தார்’ என்று எழுதியிருந்தேன். ‘காலமானார்’ என்று மாற்றியிருந்தார். எங்கள் பத்திரிகையில் எம்.எல்.ஏ.க்களுக்கும் மடாதிபதிகளுக்கும் மட்டும் போடுகிற வார்த்தை அது. அவள் மகள் கடைக்கு வந்து ஒரு பேப்பர் வாங்கினாள். அங்கேயே நின்று வாசித்தாள், மடித்தாள், போய்விட்டாள். பிறகு அவளை ராஜபாளையத்தில் மாமன் வீட்டில் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்கள் என்று கேள்வி. அம்மாவுக்கு இல்லாத இடம் அம்மா செத்தபிறகு அங்கே வந்துவிட்டது.

சண்முகவேல் அந்தத் தாளை விடவில்லை. மடித்து மடித்துக் கிழிந்துபோய்ப் பின்னால் ஒட்டுப்போட்டு வைத்திருந்தார். டீக்கடை டீக்கடையாக ஏறி இறங்குவார். முன்பின் தெரியாதவர்களிடம்கூடக் காட்டுவார். ஒருநாள் நான் இருந்த கடைக்கும் வந்துவிட்டார். என்னைக் கவனிக்கவில்லை. நேராக டீ மாஸ்டரிடம் போய்த் தாளை விரித்தார்.

“பாருங்க அண்ணாச்சி, வயித்துல புண்ணு. அவ வயித்துவலியிலதான் போனா.”

விளம்பரம் வந்த அன்றைக்கு, ஏன் இப்படிப் போட்டிருக்கா என்று கேட்ட அதே மாஸ்டர்தான். பாலை ஆற்றிக்கொண்டே தாளை எட்டிப் பார்த்தார். மேலே ஆணியில் தொங்கிய பேப்பரையும் ஒரு தடவை பார்த்தார்.

“நெசமா இருந்தா பேப்பர்ல வந்திருக்கும்லா, முதலாளி?”